பத்து வீடா, ஆறு வீடா? வன்னியில் வீடு கட்டிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு

வருடம் பிறந்தால் வெளிநாட்டு ஊர்ச்சங்கங்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "இவ்வளவு காசு சேர்ந்திருக்கு, ஊரில கஷ்டப்பட்ட சனத்துக்கு எத்தனை வீடு கட்டலாம்?" எண்ணிக்கையில்தான் எல்லாருக்கும் கண். பத்து வீடு என்றால் ஆண்டுவிழா மேடையில் சொல்ல நன்றாக இருக்கும், ஆறு என்றால் கொஞ்சம் இழுக்கும். யார் கட்டுவது, எதால் கட்டுவது, காணி யார் பெயரில், காசு குறைந்தால் மிச்சத்தை யார் போடுவது என்று கேட்கிறவர்கள் குறைவு. என்னிடம் கேட்டால் அதே காசில் ஆறு வீட்டை முழுதாக முடிக்கிற பக்கம்தான் நிற்பேன், அதிலும் புதிதாக அத்திவாரம் வெட்டுவதற்கு முன் ஊரில் பாதியில் நிற்கிற வீடுகளைப் போய்ப் பாருங்கள் என்பேன். இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

போர் முடிவில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. அதுவரை கட்டங்கட்டமாக வன்னிக்குத் திரும்பிய சனத்தின் கையில் இருந்தது தகரமும் தறப்பாளும் கொஞ்சச் சீமெந்தும்தான். பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன, நிறையப் பேருக்கு ஏதோ ஒரு கல்வீடு கிடைத்தது, அதை மறைக்கத் தேவையில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற ஏ-35 வீதியில் பஸ்ஸில் போகிறவருக்கு இங்கே வீட்டுப் பிரச்சினை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். உள் ஒழுங்கைகளில் இறங்கிப் பார்த்தால் தெரியும். அன்றைக்குக் கொடுத்த அதே தகரத்தில் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆணி அடித்த ஓட்டைகள் பெருத்து, கீழ்விளிம்பை ஒரு சாண் உயரத்துக்குக் கறள் தின்றிருக்கும். அந்த இடைவெளியால் பாம்பு வராமல் உரப்பையில் மண் நிரப்பி அடுக்கியிருப்பார்கள். கப்புகளைக் கறையான் அரித்து, ஒரு பக்கம் சாய்ந்து, கம்பி கட்டி வேப்பமரத்தோடு இழுத்து நிறுத்திய கொட்டிலைக்கூட நான் பார்த்திருக்கிறேன். மத்தியானம் உள்ளே மனிசர் இருக்க ஏலாது.

இப்படி மிஞ்சியவர்கள் யார் என்று பார்த்தால், வீட்டுத்திட்டங்களுக்குப் புள்ளி போட்டுத் தெரிவு செய்த காலத்தில் ஆள் எண்ணிக்கை குறைந்த குடும்பம் என்று பின்னுக்குப் போன வயதுபோன தம்பதிகள் இருக்கிறார்கள், அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்து இப்போது கல்யாணம் கட்டித் தாய்வீட்டு வளவிலேயே கொட்டில் போட்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து மூன்றாவது தலைமுறையாக இருந்தும் காணிக்கு ஒரு கடதாசி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. எல்லாருக்கும் ஒரே பிளானை நீட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது.

சரி, முதலில் கழிக்கக்கூடியதைக் கழித்துவிடுவோம்: பொருத்து வீடு. 2016ஆம் ஆண்டளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள், ஒரு வீடு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா, ஆர்சலர்மித்தல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனம் செய்யும் என்று மீள்குடியேற்ற அமைச்சு கொண்டு வந்த திட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த விலையில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று வடக்கின் அரசியல்வாதிகளும் பொறியியலாளர்களும் கேட்டார்கள். அத்திவாரம் காணாது, கூரைக்குச் சரியான தாங்கல் இல்லை, வெப்பம், கறள், பழுதானால் ஊர் மேசனால் திருத்த முடியாது, மேசனுக்கும் கல் அரிகிறவருக்கும் ஒரு நாள் கூலிகூட அதில் வராது என்று எதிர்ப்பு அடுக்கடுக்காக வந்தது. கடைசியில் அந்தத் திட்டம் நடக்கவில்லை. இப்போது அதே சாமான் வேறு பெயரில், பனல் வீடு, கொள்கலன் வீடு என்று முகநூல் விளம்பரமாக வருகிறது. முப்பது நாளில் சாவி கையில் என்பார்கள். வெள்ளம் வந்து ஒதுங்க இடமில்லாதவருக்கு, அல்லது ஒரு அலுவலக அறைக்கு, அது உதவலாம். முல்லைத்தீவுக் கரையோர உப்புக்காற்றிலும் சித்திரை வெயிலிலும் ஒரு குடும்பம் பேரப்பிள்ளை வரை இருக்கப்போகிற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஒப்பந்தகாரர். ஊர்ச்சங்கங்களுக்கு இதுதான் பிடித்த வழி, ஏனென்றால் தலைவலி குறைவு: ஒரு ஆளோடு பேச்சு, ஒரு ஒப்பந்தம், படம் அனுப்புவார், காசு அனுப்பலாம். இந்திய வீட்டுத்திட்டத்தில் இதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது, கொடுத்த நாடு ஒன்றுதான், முறை இரண்டு. 2010இல் அறிவித்த 50,000 வீடுகளில் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரரைக் கொண்டு கட்டினார்கள், அது 2012 ஜூலையில் முடிந்தது. பிறகு வடக்கு கிழக்கின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 45,000 வீடுகளை, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே காசைப் போட்டு அவரையே கட்டச் சொன்னார்கள். புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா, திருத்த வேலைக்கு 2,50,000. ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பான ஹபிட்டாட், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் வந்து பார்த்து, இந்தக் கட்டம் முடிந்தது என்று எழுதினால் அடுத்த தவணை விழும். ஆயிரத்தை ஒரு மாதிரிக் கட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு முறையை மாற்றிக்கொண்டார்கள் என்பதே எனக்குப் போதுமான சாட்சி.

ஒப்பந்தகாரர் எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் தன் லாபத்தை எங்கேயாவது எடுக்கத்தான் வேண்டும், அதை எடுக்கிற இடம் நமக்குத் தெரியாத இடம்: அத்திவாரத்தின் ஆழம், சாந்துக் கலவை, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தாமல் வெயிலில் காய்ந்த சீமெந்துக் கல். பூச்சு பூசி வெள்ளையும் அடித்துவிட்டால் கனடாவில் இருந்து படம் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? வீட்டில் குடியிருக்கப் போகிறவர் பக்கத்தில் நின்றால் நிலைமை வேறு. தருமபுரம் பக்கம் ஒரு அக்கா வந்திறங்கிய கல்லில் ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றை எடுத்து இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார். உடைந்தால் "ஏத்திக்கொண்டு போ தம்பி" என்று லொறிக்காரனிடம் சொல்லிவிடுவார். சம்பளத்துக்கு வைத்த மேற்பார்வையாளர் எவரும் அப்படி நின்றதை நான் காணவில்லை.

இன்னொன்று அடுப்படி. ஒப்பந்தகாரரின் பிளானில் குசினி வீட்டுக்குள் சின்னதாக, புகை போக வழியில்லாமல் இருக்கும். விறகு எரிக்கிற குடும்பம் அதில் சமைக்காது. குடிபூரல் முடிந்த அடுத்த கிழமையே பின்பக்கம் கிடுகால் ஒரு அடுப்படி எழும்பும், குசினி நெல்மூட்டை அடுக்குகிற அறையாகிவிடும். அந்தச் சதுர அடிக்கு நீங்கள் கொடுத்த காசு வீண்தானே.

ஆகவே குடும்பமே கட்டுகிற முறைதான் நல்லது என்று முடித்துவிடலாமா என்றால், அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. 5,50,000 ரூபா 2012இல் நிர்ணயித்த தொகை. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பத் தொடங்கியதும் மணல் விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது, செல்லடியில் பனை எல்லாம் முறிந்துபோன ஊரில் கூரையின் வளை, சிலாகைகளுக்கு மரம் தேடி அலைய வேண்டி வந்தது. கொடுத்த தொகை மட்டும் அப்படியே நின்றது. சுமார் 550 சதுர அடி என்று சொன்ன வீட்டை "கட்டுறது ஒருக்காத்தான், கொஞ்சம் பெரிசாக் கட்டுவம்" என்று இழுத்தவர்களும் உண்டு, முப்பது வருடம் ஓடித் திரிந்தவருக்கு அந்த ஆசை வந்ததில் பிழையே இல்லை. ஆனால் நகை அடகுக்குப் போனது, பிறகு நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் நின்றார்கள். வீட்டுக்காக எடுத்த கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட வேறொன்று. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கிற அளவுக்கு அது போனது. இலவசமாகக் கிடைத்த வீடு ஒரு குடும்பத்தைக் கடனாளி ஆக்கும் என்பதை வெளிநாட்டில் இருந்து காசு சேர்க்கிறவர்கள் நம்புவதே இல்லை. நம்புங்கள். மூன்றில் இரண்டு பங்கு காசைக் கொடுத்து "மிச்சத்தை அவை பாத்துக்கொள்ளட்டும், அப்பத்தான் வீட்டில பற்று வரும்" என்று சொல்கிற சங்கத்துக்காரரைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். நாட்கூலிக்குப் போகிற குடும்பம் எதை வைத்து மிச்சத்தைப் பார்க்கும்?

அதனால் நான் சொல்லுகிற கணக்கு இது. வீட்டைச் சிறிதாக்குங்கள், ஆனால் முடியுங்கள். ஒரு அறை, ஒரு ஹோல், முன்னால் விறாந்தை, வெளியே அடுப்படிக்குக் கூரை, மலசலகூடம். கூரை போட்டு, கதவு யன்னல் பூட்டி, நிலத்துக்குச் சீமெந்து போட்டுக் குடிபுகக் கூடிய நிலைக்கு வரும் வரை முழுச் செலவும் உங்களுடையது. பின்பக்கச் சுவரில் ஒரு கதவு நிலைக்கு மேல் லிண்டலை, அதாவது மேற்சுவரைத் தாங்கும் கொங்கிறீட் வளையை, மட்டும் வார்த்து, கீழே கல்லால் அடைத்து விடச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் உழைத்து அறை இறக்கும்போது அந்தக் கல்லைத் தட்டி எடுத்தால் போதும், சுவரை உடைக்கத் தேவையில்லை. பக்கத்தில் சாய்ப்பாகப் பத்தி இறக்கவும் கூரை உயரத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இதெல்லாம் மேசனுக்கு அரை நாள் வேலைகூட இல்லை, முதலிலேயே சொன்னால்.

காசை எப்படிக் கொடுப்பது? முழுவதையும் காசாகக் கொடுப்பதும் முழுவதையும் பொருளாகக் கொடுப்பதும் இரண்டும் சரிவராது என்பது என் அபிப்பிராயம். சீமெந்து, கம்பி, கூரைச் சாமான், மணல் இந்த நாலையும் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஆறு வீட்டுக்கும் சேர்த்து வாங்கட்டும். 2021இல் 1,000 ரூபாவை ஒட்டி இருந்த 50 கிலோச் சீமெந்துப் பை 2022இல் 2,000ஐத் தாண்டி ஓடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த ஏற்றத்தை ஒரு குடும்பம் தனியாகத் தாங்காது. மணலுக்கு அனுமதி எடுக்கிற அலைச்சலையும் சங்கம் ஒரே தடவையில் பார்த்துக்கொள்ளலாம். மேசன் கூலியையும் கல் வாங்குகிற காசையும் குடும்பத்தின் கையில் கொடுங்கள், தவணையாக. வேலை பிடிக்காவிட்டால் மேசனை மாற்றுகிற உரிமை அந்தக் குடும்பத்துக்கு இருக்க வேண்டும், அது காசு கையில் இருந்தால்தான் வரும்.

புருஷன் இல்லாத, அல்லது காலோ கையோ இழந்த ஆட்கள் உள்ள வீடுகளில் இது இவ்வளவு இலேசாக நடக்காது. தனியாக இருக்கிற பெண்ணிடம் முன்காசு வாங்கிக்கொண்டு அத்திவாரத்தோடு காணாமல் போன மேசன்மார் கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்தப் பெண்கள் கூலி மிச்சம் பிடிக்க மேசனுக்குக் கையாள் வேலையைத் தாங்களே செய்வார்கள், மண் சுமப்பார்கள், தண்ணீர் அள்ளுவார்கள், அந்த நாட்களில் தோட்டத்துக்குப் போகிற கூலி இல்லாமல் போகும், அதை யாரும் செலவாக எழுதுவதில்லை. இப்படிப்பட்ட வீடுகளை அடுத்தடுத்த வளவுகளில் மூன்று நாலாகச் சேர்த்து, ஒரே மேசன் குழு, பொறுப்புக்குச் சம்பளத்தோடு ஊருக்குள் இருந்தே ஒரு ஆள் என்று போட்டால் நடக்கும். தனியே இருக்கும் வயதுபோனவருக்கு மட்டும் ஒப்பந்தகாரரே சரி, அதையும் உறவுக்காரர் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

மண் கல் பற்றியும் கேட்கிறார்கள். மண்ணோடு 5 முதல் 8 வீதம் சீமெந்து கலந்து இயந்திரத்தில் அமுக்கி எடுக்கிற கல். சுடத் தேவையில்லை, விறகு மிச்சம், வீடு குளிர்மை, செம்மண் உள்ள விசுவமடு மாதிரி இடங்களில் மண்ணும் காலடியில். வயல்பக்கத்துக் கறுப்புக் களிமண் சரிவராது, அது மழைக்குப் பொங்கும், வெயிலுக்கு வெடிக்கும். தொழில்நுட்பத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு இரண்டு வீட்டுக்காக இயந்திரம் கொண்டுவந்து, ஆட்களைப் பழக்கி, நாலு கிழமை நனைத்து வைத்துக் கட்டுவது கட்டுப்படியாகாது, ஊரில் தொடர்ந்து அரியப் போகிறவர்கள் இருந்தால்தான் பேச வேண்டும். அதோடு சனத்தின் மனதையும் பார்க்க வேண்டும். "மண் வீட்டில இருந்தது காணும்" என்பார்கள். பூசி மெழுகாத கல்லைப் பார்த்ததும் தங்களுக்கு இரண்டாம் தரம் தந்துவிட்டதாக நினைப்பார்கள். சூழலுக்கு நல்லது என்று நாம் சொல்வதை, சீமெந்து வீட்டில் இருந்துகொண்டுதானே சொல்கிறோம்.

கூரைக்கு ஓடா, சீற்றா? ஓடு குளிர்மை, ஆனால் மரம் வேண்டும், குரங்குகள் வேறு ஓடி ஓடி உடைக்கும். சீற்று மலிவு, வெக்கை. குரங்கு இல்லாத ஊரென்றால் ஓடு.

இப்போது பாதியில் நிற்கும் வீடுகளுக்கு வருகிறேன், எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 2019 நவம்பரில் ஆட்சி மாறியபிறகு முந்திய அரசாங்கத்தின் மாதிரிக் கிராம வீட்டுத்திட்டங்களில் பல வீடுகளுக்கு அடுத்த தவணை வரவில்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு எங்கும் இது நடந்தது. அரசாங்கக் காசு வரும் என்று நம்பி இருந்த கொட்டிலைப் பிரித்து, அந்த இடத்திலேயே அத்திவாரம் போட்டவர்கள் இருக்கிறார்கள். லிண்டல் மட்டத்தில் சுவர் நிற்கும், மேலே நீட்டிய கம்பி கறள் பிடித்துச் சிவந்து சுவரில் வழிந்திருக்கும், யன்னல் விட்ட இடத்தில் சாக்கு, கூரையில்லாத அறைக்குள் நாலு தடி நட்டுத் தறப்பாள் கட்டி அதற்குள்ளே குடும்பம். வீட்டுக்குள் ஒரு கொட்டில். மழைக்கு நாலு சுவரும் தண்ணீரைத் தேக்கி வைக்கிறதால் பழைய கொட்டிலை விட இது மோசம். இவர்கள் பெயர் "வீடு பெற்றவர்" என்று பதிவாகியிருப்பதால் அடுத்த திட்டம் எதிலும் பெயர் வராது. எல்லாப் பட்டியலிலிருந்தும் விழுந்தவர்கள் இவர்கள்.

அத்திவாரமும் சுவரும் ஏற்கெனவே நிற்கிற வீட்டை முடிக்க, புதிதாக ஒன்று கட்டுகிற செலவில் ஒரு பங்குதான் ஆகும். உங்கள் பெயர்ப் பலகையை மாட்ட அங்கே இடம் இருக்காது, உண்மைதான், வேறொருவர் தொடங்கிய வீடு. அதே காசில் அதிகம் குடும்பங்கள் மழைக்கு முன் கூரைக்குக் கீழ் வருவார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கூரை ஏற்றக் கூடாது. பல மழை கண்ட சுவர், ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு போய் வெடிப்புகளையும் கம்பியையும் பாருங்கள். மூலைகளில் படிக்கட்டு வடிவில் வெடித்து இறங்கியிருந்தால் அத்திவாரம் அமிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம், அப்படியான வீட்டை விட்டுவிட வேண்டியதுதான். மேல் இரண்டு வரிக் கல்லை மட்டும் இறக்கி, புதுக் கம்பி போட்டு லிண்டல் வார்த்தால் போதுமான வீடுகளே அதிகம்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் காணியைப் பார்க்காமல் ஒரு ரூபாவும் அனுப்பாதீர்கள். வன்னியில் பெரும்பாலான குடியேற்றக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி, சொந்த உரிமைப் பத்திரம் உள்ள உறுதிக் காணி குறைவு. பெர்மிட் தகப்பன் பெயரில், அவருக்குப் பிறகு உரித்து (பின்னுரித்து) மூத்த மகனுக்கு, வீடு கட்டப்போவது கடைசி மகள் என்றால் நாளைக்கு அந்த வீடு யாருக்கு? சகோதரங்கள் இன்று ஒற்றுமையாகத்தான் இருப்பார்கள், வீடு எழும்பியபிறகு கேட்டுப் பாருங்கள். கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகக் காணிக் கிளையிலும் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். பெர்மிட்டே இல்லாதவர்களை இதனால் ஒதுக்கிவிடவும் கூடாது. அவர்களுக்குச் சங்கம் செய்யக்கூடிய பெரிய உதவி, சில வேளை, ஒரு பை சீமெந்தும் வாங்காமல் பிரதேச செயலகத்துக்கு அலைகிற செலவையும் நில அளவைச் செலவையும் ஏற்றுக்கொள்வதுதான். வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட காணி என்றால் அது தீரும்வரை கழற்றி எடுக்கக்கூடிய நல்ல கொட்டில் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள், புதுத் தகரம், கறையான் ஏறாமல் சீமெந்துக் காலில் நிறுத்திய கப்பு, உயர்த்திய நிலம்.

பிறகு காலம். எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை, சில வருடம் தை வரைக்கும் போகும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று ஊரவர் காட்டுவார்கள், அந்த அடையாளத்துக்கு மேல்தான் அத்திவார உயரம் இருக்க வேண்டும். தை கடைசியில் தொடங்கினால் ஆவணிக்குள் கூரை ஏறும். சங்கங்கள் பெரும்பாலும் கோடை ஒன்றுகூடலில் காசு சேர்த்துப் புரட்டாதியில் அனுப்பிவிட்டு, "நத்தாருக்கு ஊருக்கு வாறம், அதுக்குள்ள திறப்பு விழா வைப்பம்" என்கிறார்கள். கொட்டுகிற மழையில் அவசரமாக வார்த்த அத்திவாரத்துக்கு என்ன நடக்கும் என்று மேசனைக் கேளுங்கள். புரட்டாதிக்குப் பிறகு வருகிற காசை வங்கியில் போட்டு வையுங்கள். அந்த மூன்று மாதத்தில் காணிக் கடதாசியைச் சரிபார்க்கலாம், பாதி வீடுகளுக்கு ஆளை அனுப்பி அளந்து எடுக்கலாம், தகரம் ஒழுகுகிற வீடுகளுக்கு அந்த மழைக்கு மட்டும் தறப்பாள் வாங்கிக் கொடுக்கலாம். திறப்பு விழாவை அடுத்த ஆவணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது மழையும் இருக்காது, பள்ளிக்கூடமும் விடுமுறையாக இருக்கும்.